முட்டிவலிக்கு ஒரு கமா

“இந்தத் தாத்தா மலை மேல எப்படி ஏறினார்?” என்று டாக்டர் கேட்டாள்.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த விளம்பர மேலாளர், அவள் கையிலிருந்த வழவழப்பான தாளை எட்டிப் பார்த்தார். தாளில் வெள்ளைத் தாடித் தாத்தா ஒருவர், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, மலையுச்சியில் நின்று இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி விரித்திருந்தார். அவர் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில், ‘முட்டிவலிக்கு முற்றுப்புள்ளி’ என்று இருந்தது. காலடியில் மாத்திரை அட்டையின் படம்.

“நடந்துதான் ஏறியிருப்பார் டாக்டர்.”

“நம்ம மாத்திரையைச் சாப்பிட்டுட்டா?”

“அப்படி நாங்க எங்கயும் சொல்லலையே. தாத்தா ஒரு பக்கம் நிக்கிறார். மாத்திரை ஒரு பக்கம் இருக்கு. பார்க்கிறவங்க என்ன நினைச்சுக்கிறாங்களோ, அது அவங்க இஷ்டம்.”

டாக்டருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அவள் அறையைத் தாண்டிப் போகிறவர்கள் கண்ணாடி வழியாகக் காதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இந்த மருந்து கம்பெனிக்கு வந்தவள் அவள். கம்பெனி அச்சிடும் துண்டுத்தாள், சுவரொட்டி, டாக்டர்களுக்குக் கொடுக்கும் பேனா, எதுவானாலும் மருந்தின் பெயர் அதில் இருந்தால் அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும். மருந்து செய்யாததைச் செய்யும் என்று எழுதியிருந்தால் அவள் அடித்துவிடுவாள். அவள் அடிக்காத தாளே கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் ‘கத்திரிக்கோல்’ என்று பெயர். ஒருநாள் லிஃப்டில் ஒருவன், “கத்திரிக்கோல் வந்தாச்சா?” என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டான். “வந்தாச்சு” என்று பின்னாலிருந்து அவளே பதில் சொன்னாள். அவன் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியில் போனான்.

“ஆய்வு அறிக்கையை நீங்க படிச்சீங்களா சார்?” என்றாள் இப்போது.

“படிச்சேன் டாக்டர். ரொம்ப உருக்கமா இருந்தது.”

“அதுல யாரும் மலை ஏறலை. ஆஸ்பத்திரி வராந்தாவுல நடந்தாங்க. ஆறு நிமிஷம். சமதளம். நடுவுல உட்கார நாற்காலி வேற போட்டிருந்தாங்க. அதுலயும் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வலி குறைஞ்சுதுன்னு சொன்னவங்க. குறைஞ்சுது. போகலை. நீங்க முற்றுப்புள்ளின்னு எழுதியிருக்கீங்க. கீழ ‘அனைவருக்கும் ஏற்றது’ன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கும் கீழ ‘பக்கவிளைவே இல்லை’.”

“பக்கவிளைவு வயித்துலதானே டாக்டர் வருது, பக்கத்துல வரலையே” என்று மேலாளர் சிரித்துப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தையல்காரர் இரத்த வாந்தியோடு வந்தார். இதே மாதிரி ஒரு வலி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவள் அதட்டியபோது, சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டுத்தாளை எடுத்து நீட்டி, “பக்கவிளைவு இல்லைன்னு அச்சுலயே போட்டிருக்கே டாக்டர்” என்றார். மனுஷர் பிழைத்துக்கொண்டார். அந்த ‘அச்சுலயே’ மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். கம்பெனி வக்கீல். அவளுக்குப் பிறகு அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் கருத்துக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

“எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார் வக்கீல். “ஆனா ஆட்சேபணை வரலாம்.”

டாக்டர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். மலையை அடித்தாள். முற்றுப்புள்ளியை அடித்தாள். அனைவரையும் அடித்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் சிவப்பில்லாத இடம் தாத்தாவின் தாடி மட்டும்தான்.

மறுநாள் காலையில் மேலாளர் புதுத் தாளோடு வந்து நின்றார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“நீங்க சொன்னதெல்லாம் மாத்திட்டேன் டாக்டர். முற்றுப்புள்ளி இல்லை.”

அவள் படித்தாள். ‘முட்டிவலிக்கு ஒரு கமா.’

அவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

“கமான்னா என்ன அர்த்தம்?”

“சின்ன இடைவெளி. வலி முழுசா நிக்கலை, கொஞ்சம் மூச்சு விடுது. நீங்கதானே குறையும், போகாதுன்னீங்க?”

“கமாவுக்கு அப்புறம் வாக்கியம் தொடரும் சார்” என்றார் வக்கீல், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாக வாயைத் திறந்து. “அப்போ வலி தொடரும்னு நாமளே அச்சடிச்சு ஒத்துக்கிற மாதிரி ஆகுமே.”

“தொடரத்தான் செய்யும்” என்றாள் டாக்டர்.

“அப்போ கமா இருக்கலாமா?” என்று மேலாளர் ஆவலாகக் கேட்டார்.

“கூடாது.”

மலை போயிருந்தது. அதற்குப் பதில் தாத்தா, அதே நீலச் சட்டையில், ஒரு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தார். ‘ஏறக்குறைய அனைவருக்கும் ஏற்றது’ என்றது கீழ்வரி.

“ஏறக்குறையன்னா? ஏறவா, குறையவா?”

“குறையத்தான் டாக்டர்.”

“எவ்வளவு குறைய?”

“பாதிக்குப் பாதி குறைய” என்றார் மேலாளர் தரையைப் பார்த்து.

டாக்டரின் காது பழுக்கத் தொடங்கியது. தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷர்? படிக்கத் தெரியாதவள் என்றா, இல்லை படித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவாள் என்றா? மலையை எடுக்கச் சொன்னால் மாடிப்படி. மாடிப்படியை எடுக்கச் சொன்னால் ஏணியைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

“சார், அவங்க நடந்தது வராந்தாவுல. வராந்தான்னா வராந்தா.”

அடுத்த நாள் வராந்தா வந்தது. நீளமான, வெளிறிப்போன ஆஸ்பத்திரி வராந்தா. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். நடுவில் தாத்தா தன்னந்தனியாக, முதுகைக் காட்டிக்கொண்டு, கோடியில் தெரியும் வெளிச்சத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இவர் திரும்பி வர்ற மாதிரி தெரியலையே.”

“நீங்க கேட்ட வராந்தாதான் டாக்டர்” என்றார் மேலாளர்.

“முகத்தைக் காட்டினா என்ன?”

மாலையில் முகத்தைக் காட்டினார்கள். தாத்தா வராந்தாவில் எதிரே நடந்து வந்தார், வாயெல்லாம் பல்லாக.

“எதுக்குச் சிரிக்கிறார்?”

“டாக்டர், மனுஷன் சிரிக்கக்கூட ஆதாரம் வேணுமா?”

“மாத்திரை பக்கத்துல நின்னு சிரிச்சா வேணும். வலியைத்தான் ஆய்வுல அளந்தாங்க. சந்தோஷத்தை அளக்கலை.”

சிரிப்பை எடுத்தார்கள். சிரிக்காத தாத்தாவைப் பார்த்த யாருக்கும் மாத்திரை வேலை செய்யவில்லை என்றுதான் தோன்றியது. தாத்தாவையே எடுத்தார்கள். வராந்தாவில் நாற்காலி மட்டும் மிஞ்சியது.

“தாத்தா எங்கே?” என்றார் வக்கீல் கலவரத்தோடு. “போயிட்டாரா?”

மூவரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் மேலே, ‘முட்டிவலி குறைய உதவும்’ என்ற வரி, போனவருக்குப் போட்ட இரங்கல் போல இருந்தது.

“எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று வக்கீல் ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க சார்” என்றாள் டாக்டர்.

அன்றைக்குத்தான் பக்கவிளைவுப் பஞ்சாயத்தும் நடந்தது. ‘வயிற்று எரிச்சல், குமட்டல், அரிதாக இரத்தக்கசிவு ஏற்படலாம்’ என்பதை மேலாளர் ஒருவழியாகச் சேர்த்திருந்தார். ஆனால் தாளின் அடியோரத்தில், வெள்ளைப் பின்னணியில், வெளிர் சாம்பல் எழுத்தில். டாக்டர் முதலில் அதைத் தூசி என்று நினைத்து ஊதிப் பார்த்தாள். தூசி பறக்கவில்லை.

“இதை யார் படிப்பாங்க?”

“படிக்கணும்னு நினைக்கிறவங்க படிப்பாங்க.”

“எறும்பா வந்து படிக்கும்? மேல இருக்கிற எழுத்து எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசா வரணும். கறுப்புல வரணும்.”

“அப்போ தாள்ல பாதி அதுவே வந்துடும் டாக்டர். இது விளம்பரமா, மிரட்டல் கடுதாசியா?”

“மருந்து சார். விளையாட்டுச் சாமான் இல்லை.”

குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“திங்கட்கிழமை விற்பனைக் கூட்டம் டாக்டர். ஊர் ஊரா சுத்துற பசங்க எல்லாரும் காலிப் பையோட வந்து உட்காருவாங்க. அவங்க கையில என்னத்தைக் குடுப்பேன்? காலி நாற்காலியையா? பொண்ணு கேட்கிறா, அப்பா ஏன் தூக்கத்துல ‘ஏற்படலாம், ஏற்படலாம்’னு புலம்புறீங்கன்னு. என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. பரவாயில்லை. நீங்க உங்க கடமையைச் செய்றீங்க.”

சொல்லிவிட்டு எழுந்து போனார். போகிறபோது கதவில் இடித்துக்கொண்டார். அதற்கும் கதவிடம், “மன்னிச்சுக்கோ” என்றார்.

அன்று மாலை வீட்டில் டாக்டர் பையைச் சோபாவில் எறிந்தாள். கணவன் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“என்னை வில்லியாக்கிட்டு அழுதுட்டுப் போறார். பொய் சொன்னது அவர். மாட்டிக்கிட்டது அவர். ஆனா ஆபீஸ்ல எல்லாரும் என்னைப் பார்க்கிற பார்வையைப் பார்க்கணுமே, ஏதோ நான் அவர் சோத்துல மண்ணைப் போட்ட மாதிரி.”

“சாப்பிட்டுக்கிட்டே திட்டேன்” என்று கணவன் தட்டை எடுத்து வைத்தான். “உப்பு சரியா இருக்கா?”

“போதுமான அளவு இருக்கு.”

“நல்லா இருக்கா?”

“எதோட ஒப்பிட்டு?”

அவன் பெருமூச்சு விட்டான். கல்யாணமான புதிதில், ‘நீதான் உலகத்திலேயே அழகு’ என்று சொன்னபோதும் அவள் இதையேதான் கேட்டிருந்தாள்.

“அந்த மனுஷன் கடைசியா என்னதான் கேட்கிறார்?” என்றான்.

“தாத்தா சிரிக்கணுமாம்.”

“சிரிச்சுட்டுப் போகட்டுமேம்மா. பெரிய பொய்யை எல்லாம் எடுத்துட்ட. எத்தனை நாளா அந்தாளு ஓடுறான். பாவம், கொஞ்சமாவது அவன் பக்கமும் விட்டுக்குடு. மலையை இறக்கினவளுக்கு ஒரு சிரிப்புல என்ன வந்துடப் போகுது?”

அவள் சாப்பிட்டு எழுந்தாள். ஆனால் படுத்த பிறகும் கதவிடம் மன்னிப்புக் கேட்ட அந்த முகமே கண் முன்னால் நின்றது. தான் உண்மையிலேயே கத்திரிக்கோல்தானோ என்று முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை மேலாளர் வந்தபோது ஷேவ்கூடச் செய்திருக்கவில்லை. தாளை மேஜை மேல் வைத்துவிட்டு, தீர்ப்புக் கேட்க நிற்பவர் போலக் கைகட்டி நின்றார்.

“இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லை டாக்டர்.”

தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். மலை இல்லை, படி இல்லை. ஒரு கை நாற்காலிப் பிடியில் இருந்தது. உதட்டோரத்தில் மட்டும் ஒரு சின்ன வளைவு, பாதிச் சிரிப்பு. தலைப்பு, ‘முட்டிவலி குறைய உதவும்.’ பக்கவிளைவுகள் கறுப்பில், படிக்கிற அளவில். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வரி: ‘பெரும்பாலானோருக்குப் பலன் தருவது.’

சிவப்புப் பேனா அந்த வரியின் மேல் போய் நின்றது.

“பெரும்பாலானோர்னா பத்துக்கு எட்டு, ஒன்பதுன்னு நினைப்பாங்க. இங்கே பாதிக்குக் கொஞ்சம் மேலதான்.”

“பாதிக்கு மேல வந்தாலே பெரும்பான்மைதானே டாக்டர்?” என்றார் மேலாளர் நலிந்த குரலில். “தேர்தல்ல அப்படித்தானே ஜெயிக்கிறாங்க?”

“‘பாதிப் பேரைவிடச் சற்று அதிகமானோருக்கு’ன்னு போடுங்க.”

“அதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள வலி தானாவே போயிடும் டாக்டர்.”

“அதுக்கு ஆதாரம் இருக்கா?”

கேட்டுவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. மேலாளர் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தால், அந்தத் தாத்தாவை விட அவருக்குத்தான் மாத்திரை தேவை போலிருந்தது. அவள் வக்கீலைப் பார்த்தாள்.

“எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார் வக்கீல். அதோடு நிறுத்திக்கொண்டார். அதுவே பெரிய அதிசயம்.

டாக்டர் மெல்லப் பேனாவை மூடினாள். வேறு ஒரு நீலப் பேனாவை எடுத்தாள்.

“இந்த ஒரு தடவைதான் சார். அந்தச் சிரிப்பும் அந்தப் பெரும்பாலானோரும். உங்களுக்காக விடறேன்.”

அவள் கையெழுத்துப் போட்டதும் மேலாளர் அந்தத் தாளை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். “நீங்க ஜெயிச்சிட்டீங்க டாக்டர்” என்றார். டாக்டர் எழுந்து போய் இயந்திரத்தில் காபி பிடித்து வந்து அவருக்குக் கொடுத்தாள். அப்படி அவள் யாருக்கும் கொடுத்ததாக அலுவலகத்தில் நினைவில்லை.

நல்ல மனநிலை மத்தியானம் வரைதான் நீடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பயம் வந்தது. போன தடவை இருமல் மருந்துக்கு அவள் அடித்த வரியை அச்சகத்தில் மறந்துபோய் அப்படியே அச்சடித்துவிட்டார்கள். கேட்டால் ‘பழைய தாள் வந்துடுச்சு’ என்று சாதாரணமாகச் சொன்னார்கள். பழைய தாளாம். எவ்வளவு எளிதாகப் போயிற்று. இந்தத் தடவை தாத்தா மலை மேல் ஏறி நின்றுவிட்டால்? அத்தனை நாள் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியதெல்லாம் வீண். நினைக்க நினைக்கக் காது சிவந்தது. கையெழுத்திட்ட தாளின் நகலை எடுத்துக்கொண்டு நேராக அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அச்சகம் ஒரு குறுகலான தெருவின் கோடியில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால் இருந்தது. வாசலிலேயே மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம். உள்ளே பெரிய இயந்திரம் ஒன்று தடதடவென்று தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. அச்சகக்காரர், முழங்கை வரை மை படிந்த ஒருவர், அவளைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

“வாங்க டாக்டரம்மா. நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்?”

“வராம என்ன செய்ய? போன தடவை நீங்க செஞ்ச கூத்து போதாதா?” என்று அவள் தாளை நீட்டினாள். “இதைப் பாருங்க. இதுல இருக்கிறதுல ஒரு எழுத்து, ஒரு புள்ளி மாறக் கூடாது. அச்சுல எதைப் போட்டாலும் ஜனங்க நம்புறாங்க. நம்பி உசிரை விடுறாங்க. இது ஒவ்வொரு வார்த்தையும் சண்டை போட்டு வாங்கினது. புரியுதா? முதல் தாள் வந்ததும் நான் பார்த்து சரின்னு சொன்னாத்தான் அடுத்தது ஓடணும். நான் இங்கேயேதான் உட்காரப் போறேன்.”

அச்சகக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது.

“இதுவாம்மா? இது போன வாரமே அடிச்சுக் கட்டியாச்சே.”

“போன வாரமா?” அவள் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். “போன வாரம் இப்படி ஒரு தாளே கிடையாது. அப்போ அடிச்சது வேற ஏதாவதா இருக்கும். மலை மேல தாத்தா நிக்கிற தாள்.”

“மலையா? அப்படி எதுவும் எங்களுக்கு வரலையே.”

சுவரோரமாக, கூரையை எட்டுகிற உயரத்துக்கு, சணலால் கட்டிய கட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் மேலே இருந்த ஒன்றை இழுத்துப் பிரித்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார்.

தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். கறுப்பில் பக்கவிளைவு. ‘பெரும்பாலானோருக்குப் பலன் தருவது.’ உதட்டோரத்தில் அதே பாதிச் சிரிப்பு. டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

அவளுக்குக் காது, கன்னம், கழுத்து எல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“போன வாரமே இது தயாரா இருந்திருக்கு. அப்போ முதல் நாளே இதை என்கிட்டக் காட்டியிருக்க வேண்டியதுதானே?”

“நானும் உங்க மேலாளர் சாரை அதைத்தான் கேட்டேன்மா” என்றார் அச்சகக்காரர், கட்டை மறுபடி சணலால் இறுக்கிக்கொண்டே. “‘முதல்லயே இதைக் காட்டினா இதுலயும் பாதியை அடிச்சிருவாங்கய்யா’ன்னார்.”